காலண்டரில் இல்லாத தீவு

கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். பன்னிரண்டு மாதத்தில் ஏதாவது ஒரு மாதத்துக்கு ஒரு தீவின் படம் கட்டாயம் இருக்கும். வளைந்து குனிந்த தென்னை மரம், அதன் கீழே வெள்ளை மணல், மணலில் ஒரு சாய்வு நாற்காலி. நாற்காலியில் மட்டும் ஆள் இருக்காது. "வாருங்கள், உங்களுக்காகத்தான் காலியாக வைத்திருக்கிறோம்" என்று படம் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். அடுப்பில் சாம்பார் பொங்கி வழியும் நேரத்தில்தான் அந்தப் படம் நம் கண்ணில் படும்!

இந்த வாரம் உங்களை ஒரு தீவுக்கு அழைத்துப் போகலாம் என்று நினைக்கிறேன். உஷ்ணப் பிரதேசத்துத் தீவுதான், நீலக் கடல்தான். ஆனால் காலண்டர்க்காரர் அதைப் படம் பிடிக்க யோசிப்பார். அதன் பெயர் ரோட்ரிக்ஸ்.

மொரீஷியஸ் நமக்குப் புதிது அல்ல. கரும்புத் தோட்டத்தில் வேலை செய்ய நம்மவர்கள் கப்பலேறிப் போன தேசம். அங்கிருந்து கிழக்கே சுமார் 600 கிலோமீட்டர், இந்து மகா சமுத்திரத்தின் நடுவே தன்னந்தனியாக இருக்கிறது ரோட்ரிக்ஸ். 1968-ல் மொரீஷியஸ் சுதந்திரம் அடைந்ததிலிருந்து இதுவும் அந்தத் தேசத்தின் பகுதிதான். 2002-லிருந்து உள்ளூர்க் காரியங்களைக் கவனிக்கத் தனக்கென்று ஒரு சபையும் வைத்துக்கொண்டிருக்கிறது. பரப்பு 108 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை 43,000-க்குச் சற்று மேல். நம் ஊர்த் தேர்த் திருவிழா ஒன்றில் கூடுகிற கூட்டம்கூட இல்லை!

மொரீஷியஸிலிருந்து சின்ன ஆகாய விமானத்தில் ஒன்றரை மணி நேரப் பிரயாணம். கப்பல் என்றால் ஒரு நாளுக்கு மேல் ஆகும். விமானம் தாழும்போது ஜன்னல் வழியாகப் பார்க்கிறீர்கள். தீவைச் சுற்றி மரகதப் பச்சையில் ஒரு பெரிய தண்ணீர்த் தாம்பாளம். நடுவில் தீவு. அப்பாடா, காலண்டர் வந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள்.

இறங்கிப் பார்த்தால் ஏமாற்றம். அடர்ந்த காடு எங்கே? தென்னந்தோப்பு எங்கே? எதிரே மொட்டைக் குன்றுகள். காய்ந்த புல்லை மேய்கிற ஆடும் மாடும். கரையோரம் பார்த்தால் சவுக்கு மரம்! நம் சென்னைக் கடற்கரைக்குத் தெற்கே போனால் காற்றில் உஸ்ஸென்று இரைகிற அதே சவுக்கு. கொஞ்சம் தள்ளித் தாழம் புதர்கள். "இதைப் பார்க்கவா இத்தனை தூரம் வந்தோம்?" என்று கூட வந்தவர் உங்களைப் பார்ப்பார். நீங்கள் ஆகாயத்தைப் பார்ப்பீர்கள்.

ஆகாயத்திலும் மேகம் அதிகம் இருக்காது. ரோட்ரிக்ஸின் பெரிய கஷ்டம் தண்ணீர். மழை போதாது, வந்தால் புயலாக வரும். குழாயில் தண்ணீர் வருவதற்கு வாரக் கணக்கில் காத்திருக்கும் வீடுகள் அங்கே உண்டு. வீட்டுக்கு வீடு தொட்டி. கூரையிலிருந்து விழுகிற மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். கடல் நீரைக் குடிநீராக்கும் யந்திரங்களும் வந்திருக்கின்றன. ஆனாலும் பற்றாக்குறை தீரவில்லை. லாரி வரும் சத்தம் கேட்டதும் கையிலிருந்த தோசைத் திருப்பியைப் போட்டுவிட்டுக் குடத்தோடு ஓடிய அனுபவம் உங்களுக்கு இருந்தால், ரோட்ரிக்ஸ்க்காரியோடு பேசப் பாஷையே வேண்டியதில்லை. இரண்டு பேரும் காலிக் குடத்தைக் காட்டிச் சிரித்துக்கொள்ளலாம்.

பெரிய ஹோட்டல்களும் அங்கே மிகக் குறைவு. வருகிறவர்களில் பலர் ஒரு குடும்பத்தாரின் வீட்டிலேயே தங்குவார்கள். வீட்டம்மாள் சமைத்ததை அவர்கள் மேஜையிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சோளம், சிவப்பு அவரை விதை, மீன், பப்பாளிக்காய். கூடவே ஒரு சின்னக் கிண்ணத்தில் எலுமிச்சங்காயும் மிளகாயும் போட்ட ஊறுகாய். அதற்கு அவர்கள் பெயர் 'அஷார்'. வடக்கே ஊறுகாயை 'அச்சார்' என்கிறார்களே, அதே வார்த்தைதான் கடல் தாண்டிப் போயிருக்கிறது. ரோட்ரிக்ஸ் எலுமிச்சை கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். மிளகாயும் சின்னதுதான். வாயில் போட்ட பிறகுதான் அதன் பெருமை தெரியும்.

போர்ட் மாத்துரின் என்பது தலைநகரம். தலைநகரம் என்று சொன்னதும் மௌண்ட் ரோடை நினைத்துக்கொள்ளாதீர்கள். சில தெருக்கள், அவ்வளவே. சனிக்கிழமை காலை அங்கே சந்தை கூடும். பொழுது விடியும்போதே போய்விட வேண்டும். பலகாரம் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் போகலாம் என்று இருந்தால் கடைக்காரர்கள் கூடையைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். தேன், ஊறுகாய்ப் புட்டிகள், தாழை ஓலையில் பெண்கள் முடைந்த கூடை, தொப்பி எல்லாம் கிடைக்கும். தாழம்பூவைத் தலையில் வைத்தோம் நாம். தாழை ஓலையைத் தலையில் வைத்தார்கள் அவர்கள்!

விலை கொடுக்கும்போது ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. ரோட்ரிக்ஸில் இந்திய வம்சத்தார் மிகச் சிலரே. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியார்தான் பெரும்பாலோர். பேசுவது கிரியோல் பாஷை. ஆனால் சந்தையில் கைமாறுகிற ரூபாய் நோட்டைப் பிரித்துப் பாருங்கள். மொரீஷியஸ் நோட்டில் இங்கிலீஷுக்கு அடுத்தபடி தமிழ் எழுத்தும் இருக்கும்! 1998-ல் புதிய நோட்டில் தமிழைப் பின்னுக்குத் தள்ளி அச்சடித்தபோது அங்குள்ள தமிழர்கள் கிளர்ச்சி செய்து, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தார்கள். சவுக்கு மரத்தடியில், கிரியோல் பேசும் ஒரு மூதாட்டி உங்களுக்குத் தரும் சில்லறையில் நம் எழுத்து! இந்த ஆச்சரியம் எந்தக் காலண்டரில் வந்தது?

இந்தத் தீவுக்குச் சொர்க்கத்தை எதிர்பார்த்துப் போனவர்கள் இன்று நேற்றல்ல, 300 வருஷத்துக்கு முன்பே இருந்தார்கள். 1691-ல் பிரான்சுவா லெகா என்ற பிரெஞ்சுக்காரர் சில துணைவர்களோடு அங்கே வந்து இறங்கினார். மத விஷயத்தில் கொடுமை தாங்காமல் பிரான்ஸை விட்டு ஓடியவர்கள் அவர்கள். வேறொரு தீவில் சொர்க்கம் அமைத்துத் தருவதாகச் சொல்லித்தான் கப்பலேற்றினார்கள்; கப்பல் இறக்கிவிட்டதோ ஆளில்லாத ரோட்ரிக்ஸில். ஆனால் குறை ஒன்றும் இல்லை. அன்று காடு இருந்தது, தண்ணீர் இருந்தது, சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. இரண்டு வருஷம் சௌக்கியமாக இருந்தார்கள். பிறகு கூட இருந்த வாலிபர்கள் ஒரேயடியாகப் போக வேண்டும் என்றார்களாம். ஏன் தெரியுமா? அந்தச் சொர்க்கத்தில் ஸ்திரீகள் இல்லை! தாங்களே கட்டிய படகில் 1693-ல் மொரீஷியஸ் போய்ச் சேர்ந்தார்கள். இதை உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு தடவை உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

லெகா தாம் கண்டதை ஒரு புத்தகமாக எழுதிவைத்தார். தீவில் ராட்சத ஆமைகள் நிறைந்து கிடந்தன, தரையில் கால் வைக்காமல் அவற்றின் முதுகின் மேலேயே நூறடிக்கு மேல் நடந்து போகலாம் என்கிறார். இன்னொரு பறவையைப் பற்றியும் எழுதியிருக்கிறார். வான்கோழியைப் போல் பெரியது, பறக்கத் தெரியாதது, எப்போதும் தனியே திரிவது. அதனால் 'சாலிட்டேர்' என்று பெயர் வைத்தார். மொரீஷியஸில் இருந்த டோடோவுக்கு இது ஒன்றுவிட்ட சகோதரி. இறகு ஒன்று கலைந்தாலும் அலகால் கோதிச் சரிசெய்துகொள்ளுமாம் பெண் பறவை. ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாக்குமாம். பிடித்துக் கட்டிப்போட்டால் சத்தம் போடாது. கண்ணீர் மட்டும் விடும், இரையைத் தொடாமலே உயிரை விட்டுவிடும் என்று எழுதியிருக்கிறார் அவர்.

அந்தக் கண்ணீரை யாரும் பொருட்படுத்தவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் கப்பல்காரர்கள் வந்தார்கள். இறைச்சிக்காக ஆமைகளை ஆயிரம் ஆயிரமாகக் கப்பலில் ஏற்றினார்கள். மரத்தை வெட்டினார்கள், எரித்தார்கள். கூடவே பூனையும் எலியும் வந்தன. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் சாலிட்டேர் பூண்டோடு போயிற்று. ஆமைகளும் ஏறக்குறைய அதே சமயத்தில் அடியோடு தீர்ந்துபோயின. நீங்கள் இறங்கியதும் பார்த்தீர்களே மொட்டைக் குன்று, அது ரோட்ரிக்ஸின் பிறவிக் கோலம் அல்ல. நகையெல்லாம் கழற்றப்பட்ட கோலம்.

இன்று அங்கே லெகாவின் பெயராலேயே ஒரு சரணாலயம் இருக்கிறது. 2007-ல் திறந்தார்கள். வேறு தீவுகளிலிருந்து ஆமைகளைக் கொண்டுவந்து வளர்க்கிறார்கள். பழைய காட்டு மரங்களையும் நட்டிருக்கிறார்கள். பெற்ற பிள்ளை போய்விட்டது, சுவீகாரம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று மட்டும் போன வழியிலிருந்து திரும்பி வந்தது. அது ஒரு செடி. காட்டுக் காப்பி என்பார்கள். நட்சத்திரம் போல் வெள்ளைப் பூ. அந்தத் தீவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஜாதி. பல பத்து வருஷங்களாக யார் கண்ணிலும் படாததால் அழிந்தே போயிற்று என்று முடிவு கட்டியிருந்தார்கள். 1980-ஐ ஒட்டி ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் பழைய படத்தைக் காட்டிப் பாடம் நடத்த, ஒரு பையன் அதே செடியின் கிளையோடு வந்து நின்றான்! ரோட்டோரத்தில் ஒரே ஒரு செடி மிஞ்சியிருந்தது.

செய்தி பரவியதும் செடிக்கு ஆபத்து வந்தது. நாட்டு மருந்துக்கு ஆகும் என்று ஆளுக்கொரு கிளையை ஒடித்துக்கொண்டு போனார்கள். வேலி போட்டார்கள், போதாமல் வேலிக்கு மேல் வேலி போட்டார்கள். 1986-ல் ஒரு சிறு கிளை லண்டனில் உள்ள கியூ தோட்டத்துக்குப் போயிற்று. அங்கே வேர் பிடித்துப் பூத்தது. ஆனால் வருஷக் கணக்கில் காய்க்கவே இல்லை. ஒன்றியாக நின்ற செடி, பாவம். தோட்டக்காரர் ஒருவர் விடாமல் முயன்று 2003-ல்தான் விதை எடுத்தார். அந்த வம்சத்துக் கன்றுகள் ரோட்ரிக்ஸுக்கே திரும்பிப் போயின. புக்ககத்தில் வளர்ந்த பேத்தி பிறந்தகம் திரும்பிய மாதிரி.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த சமாசாரத்துக்கு வருகிறேன். அது பெண்களைப் பற்றியது.

தீவைச் சுற்றி ஒரு தண்ணீர்த் தாம்பாளம் என்றேனே, அது பவழப் பாறை வேலிக்குள் அடங்கிய ஆழமில்லாத கடல். தீவைப் போல் இரண்டு மடங்கு பரப்பு அதற்கு. கடல் வற்றும் நேரத்தில் முழங்கால் அளவு தண்ணீரில் வெகு தூரம் நடந்தே போகலாம். ரோட்ரிக்ஸ்ப் பெண்களின் வயல் அதுதான். தலையில் ஓலைத் தொப்பி, காலில் ரப்பர் பூட்ஸ், கையில் இரும்புக் கம்பி. பாறை இடுக்குகளில் ஒளிந்திருக்கும் ஆக்டோபஸைத் தேடிக் குத்திப் பிடிப்பார்கள். நம் பக்கத்து மீனவர்கள் பேய்க் கணவாய் என்கிறார்களே, அந்த எட்டுக் கைப் பிராணிதான். பாறையின் நிறத்தையே தனக்கும் வரவழைத்துக்கொண்டு பதுங்கும். தெரியாதவர் கண்ணுக்குக் கல். தெரிந்தவள் கண்ணுக்கு அன்றைய அடுப்புச் செலவு.

பிடித்ததைக் கரையில் கொம்பு நட்டுக் காய வைப்பார்கள். துணிக் கொடியில் துணி காய்வது போல் வரிசையாகத் தொங்கும். பச்சையாகவும், காயவைத்தும், மொரீஷியஸுக்கு அனுப்பியும் விற்பார்கள். தாய் கற்றுக்கொடுத்து மகள் கற்றுக்கொண்ட தொழில். பாம்பன் பக்கம் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் நம் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள், விளங்கிவிடும்.

ஆனால் வருஷத்துக்கு வருஷம் பிடிபடுவது குறைந்தது. கிடைத்ததும் சின்னச் சின்னதாகக் கிடைத்தது. வேறு வேலை இல்லாதவர்கள் எல்லோரும் கம்பியைத் தூக்கிக்கொண்டு கடலில் இறங்கினால் வேறென்ன ஆகும்? சின்னதைப் பிடித்தால் பெரியது ஏது? பெரியது இல்லாவிட்டால் குஞ்சு ஏது?

இந்தப் பிராணியின் வாழ்க்கையை ஒரு நிமிஷம் கேளுங்கள். ஆயுசு ஒரு வருஷம், கொஞ்சம் கூடப் போனால் அதிசயம். கிடுகிடுவென்று வளரும். தாய் பாறைப் பொந்துக்குள் முட்டையிட்டு, அதை விட்டு நகராமல் காவல் இருக்கும். நல்ல தண்ணீரை முட்டைகளின் மேல் ஊதிக்கொண்டே இருக்கும். இரை தேடப் போகாது, தின்னாது. குஞ்சுகள் வெளியே வரும் சமயத்தில் தாய் உயிரை விட்டுவிடும். அந்தத் தாயை முட்டையிடுவதற்கு முன்பே பிடித்து மசாலா போட்டால், அடுத்த வருஷத்துப் பானையில் என்ன இருக்கும்?

மடகாஸ்கர் தீவின் தென்மேற்குக் கரையில் 2004-லிருந்து சில மாதம் கடலை மூடிவைத்துப் பலன் கண்டிருந்தார்கள். அதைப் பார்த்து 2012-ல் ரோட்ரிக்ஸிலும் துணிந்தார்கள். ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை இரண்டு மாதம் யாரும் ஆக்டோபஸைத் தொடக்கூடாது.

"நல்ல ஏற்பாடுதானே?" என்பீர்கள். நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். அன்றாடம் பிடித்து அன்றாடம் அரிசி வாங்குகிறவளிடம் இரண்டு மாதம் சும்மா இரு என்று சொல்வது லேசா? வாங்கித் தின்கிறவன் வேறொன்றைத் தின்றுவிட்டுப் போவான். பொறுத்திரு என்ற உத்தரவு எப்போதும் யார் தலையில் விழுகிறது பாருங்கள்! நம் தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் இருக்கிறது. வஞ்சிர மீன் விலை ஏறிவிட்டதே என்று நமக்குக் கவலை. மீனவர் வீட்டு அடுப்பைப் பற்றி நாம் எத்தனை பேர் கேட்கிறோம்?

ரோட்ரிக்ஸில் அந்த அடுப்பையும் யோசித்தார்கள். தடையிருந்த நாட்களில் கடற்கரையைச் சுத்தம் செய்வது போன்ற மாற்று வேலை கொடுத்துக் கூலியும் கொடுத்தார்கள். வெறும் சட்டத்தை மட்டும் போட்டிருந்தால் அது சட்டப் புத்தகத்தில்தான் இருந்திருக்கும். கூலி இருந்ததால் ஜனங்களும் சேர்ந்துகொண்டார்கள். இரண்டு மாதம் கழித்துக் கடலைத் திறந்தபோது கிடைத்ததும் அதிகம், ஒவ்வொன்றும் பெரிது. அதன் பிறகு தடை ஒரு வழக்கமாகவே ஆயிற்று.

எல்லாம் சுபமாகிவிட்டது என்று மங்களம் பாடிவிட முடியாது. ராத்திரியில் திருட்டுத்தனமாகக் கம்பியோடு இறங்குகிறவர்கள் அங்கேயும் உண்டு. படித்த பிள்ளைகள் வேலை தேடி மொரீஷியஸுக்குப் போய்விடுகிறார்கள். குழாய் இன்னும் முரண்டு பிடிக்கிறது. ஆனாலும் ஆமையையும் பறவையையும் கடைசி ஒன்று வரை தீர்த்துவிட்டுக் கை பிசைந்த அதே தீவில், இன்று கடலைப் பார்த்து, "இருக்கட்டும், இரண்டு மாதம் போகட்டும்" என்று சொல்லக் கற்றுக்கொண்டார்கள். விதை நெல்லைக் குத்தித் தின்னாதே என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தானே?

இந்தப் பெண்கள் கடலில் மட்டுமல்ல, கொட்டு முழக்கத்திலும் முன்னால் நிற்பவர்கள். 'சேகா தம்பூர்' என்று அங்கே ஓர் ஆட்டமும் பாட்டும் உண்டு. அடிமைகளாக வந்தவர்களின் துயரத்தில் பிறந்த கலை. அதில் மத்தளத்தைத் தட்டித் தாளத்தைப் பிடிப்பது பெரும்பாலும் ஒரு பெண்மணிதான். 2017-ல் யுனெஸ்கோ சபை அதை உலகம் போற்ற வேண்டிய கலைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. நம் வீடுகளில் பெண் மிருதங்கத்தைத் தொட்டாலே புருவத்தை உயர்த்திய காலம் ஒன்று இருந்தது. அந்த ஏழைத் தீவில் அவள் தட்டித்தான் மற்றவர்கள் ஆடினார்கள்.

ரோட்ரிக்ஸ் ஒரு தடவை உலகப் பிரசித்தி அடைந்ததும் காது கொடுத்துக் கேட்டதால்தான். 1883-ம் வருஷம் ஆகஸ்ட் 27-ந் தேதி ஜாவாவுக்குப் பக்கத்தில் கிரகடோவா எரிமலை வெடித்தது. சுமார் 4,800 கிலோமீட்டருக்கு இப்பால் இருந்த ரோட்ரிக்ஸில், தூரத்தில் பீரங்கி சுடுவது போல் கேட்கிறது என்று போலீஸ் அதிகாரி குறித்துவைத்தார். சத்தம் கடலைக் கடந்து வந்து சேர நாலு மணி நேரம் ஆயிற்று! அவ்வளவு நிசப்தமான ஊர் அது.

ஆகவே அம்மணி, என்றைக்காவது ரோட்ரிக்ஸுக்குப் போகும் பாக்கியம் கிடைத்தால் காலண்டரைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். சாய்வு நாற்காலியைத் தேடாதீர்கள். காலையில் கடல் வற்றும் நேரம் கேட்டுவைத்துக்கொண்டு கரையில் போய் நில்லுங்கள். தூரத்தில் ஓலைத் தொப்பிகள் தண்ணீரின் மேல் மெதுவாக நகரும். அவர்கள் கரையேறியதும் கூடையை எட்டிப் பாருங்கள். பெரிதாக இருந்தால் விலை கேளுங்கள். சின்னதாக இருந்தால், "இது இன்னும் வளரட்டுமே" என்று சொல்லுங்கள். கூடைக்காரி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

நம் ஊர் மீன் சந்தையிலும் இதைச் சொல்லிப் பார்க்கலாம். கோபித்துக்கொள்வார்களா மாட்டார்களா என்பதற்கு மட்டும் நான் ஜவாப்தாரி அல்ல!